ஒட்டுப்பால் சுற்றிய வயர்

மருமகனின் வேனில் ஏறினால் நான் வாய் திறப்பதில்லை. பின்சீட்டில் ஒரு மூலையாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போன மாதம் யட்டியாந்தோட்டைக் கடைக்குப் போய்த் திரும்பும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டேன். மருமகன் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது ஒண்ணுமில்ல அத்த. பழைய வேன்தானே, சும்மா எரியும்."

"சும்மாதான் எரியுதான்னு ஒருக்கா நிப்பாட்டிப் பாத்துருங்களேன்."

மகள் திரும்பி என்னை அதிசயமாகப் பார்த்தாள். மருமகன் மரியாதைக்கு நிறுத்திப் பார்த்தார். வயர் ஒன்று கழன்றிருந்ததாம், அவ்வளவுதான். ஆனாலும் வீடு வந்து சேரும் வரை என் நினைப்பு வேறொரு காரில் போய்க்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். நாங்கள் இருந்தது ரப்பர்த் தோட்டம். அம்மா பால் வெட்டப் போவாள். அம்மாவின் தம்பி, என் மாமா, தோட்டத்து லொறியில் கிளீனர். கணக்கப்பிள்ளை ஐயாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதைக் கழுவுவது, துடைப்பது, ஐயா எங்காவது போனால் ஓட்டுவது எல்லாம் மாமாதான். ஐயாவைவிட மாமாவுக்குத்தான் அந்தக் காரின் குணம் தெரியும். பெட்ரோல் காட்டும் முள் எந்நேரமும் பாதியிலேயே நிற்கும். டேங்க் காய்ந்து கிடந்தாலும் பாதிதான், வழிந்தாலும் பாதிதான். மாமா ஒரு கொய்யாக் குச்சியை டேங்குக்குள் விட்டு, நனைந்த அளவைப் பார்த்துக் கணக்குச் சொல்வார். லயத்து வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வார்கள். பெண் பார்க்கப் போனாலும் குச்சியோடுதான் போவார் என்பார்கள்.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் காலையில் வலி வந்தது. உச்சிப்பொழுது ஆகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி அம்மா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இது என் கையில இல்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். லொறி பாலேற்றிப் போயிருந்தது. மாமா ஓடிப்போய்க் கேட்டதும் ஐயா மறுபேச்சுப் பேசாமல் காரைக் கொடுத்தார். அவர் நல்லா இருக்கட்டும். அம்மா என் கையைப் பிடித்தவள் விடவில்லை. பிரித்தெடுக்க நேரமில்லாமல் என்னையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள்.

காரில் ஏறுவது எனக்கு அதுதான் முதல் தடவை. அம்மா முனகிக்கொண்டிருக்க, நான் கண்ணாடி வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து எல்லைக்குள் ஏற்றம் தொடங்கும் இடத்தில் மாமா திடீரென்று காரை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினார்.

"இஞ்சின் எண்ணெ லைட் எரியுது மச்சான்."

முன்னால் இருந்த அப்பா, "பெட்ரோல் முள்ளுந்தான் பொய் சொல்லுது. இதுவும் அப்படித்தான். அந்த பல்ப கழட்டி வீசிட்டு எடு" என்றார்.

"முள்ளு பொய் சொன்னா குச்சி இருக்கு. இதுக்கு எந்தக் குச்சிய விடுறது?" என்று சொல்லிக்கொண்டே மாமா இறங்கிப் போய் இஞ்சின் மூடியைத் தூக்கினார். அப்பாவும் இறங்கினார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு மாமா சொன்னது எனக்குக் கேட்டது. "எண்ணெ இருக்கு. ஆனா உள்ளுக்கு ஓடுதான்னு தெரியல. ஓடலன்னா இந்த ஏத்தத்துல இஞ்சின் இறுகிப் போகும். நடு மலையில அக்காவ வச்சுக்கிட்டு என்னா செய்ய?"

"அக்காவவிட ஐயா கார் பெருசாப் போச்சாடா ஒனக்கு?"

 மாமா குனிந்து எதையோ கழற்றினார். போன மாதம் மருமகனிடம் கேட்டுத்தான் அது என்னவென்று தெரிந்துகொண்டேன். இஞ்சினிலிருந்து அந்த விளக்குக்கு ஒரு வயர் போகும். அதை இஞ்சின் பக்கம் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் விளக்கு எரியக்கூடாது. அப்படியும் எரிந்தால் எண்ணெயில் குறையில்லை, வயர் வழியில் எங்கோ இரும்பில் பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாமா வந்து சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. விரலால் வயரைத் தடவிக்கொண்டே போய், தோல் உரிந்து செம்பு தெரிந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

அப்பா தலைத்துண்டைக் கிழிக்கப் போனார். "துணி மழையில நனைஞ்சா மறுபடி எரியும். அப்புறம் நெசமா எரியுதா பொய்யா எரியுதான்னு எனக்கே தெரியாது. சுத்துறதுக்கு ஒண்ணுமில்லயே" என்று மாமா தலையில் கைவைத்தார்.

அப்போது பின்சீட்டிலிருந்து அம்மா, மூச்சை இழுத்து இழுத்து, "சுத்திவர ரப்பர்க் காடு. சுத்துறதுக்கு ஒண்ணுமில்லங்கிறான் பாரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "போடி, ஒட்டுப்பால் உரிச்சுட்டு வா" என்று கையை விட்டாள்.

பால் வடிந்து முடிந்ததும் மரத்தின் வெட்டில் நாடா மாதிரிக் காய்ந்து ஒட்டியிருப்பதுதான் ஒட்டுப்பால். லீவு நாளில் அம்மாவோடு போய் அதை உரித்து வாளியில் போடுவது என் வேலை. ஆனால் அது எங்கள் தோட்டத்து மரம் இல்லை. அடுத்த தோட்டத்து ஒட்டுப்பாலில் கைவைத்தால் அது களவு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பயந்துகொண்டே முதல் மரத்தில் நகத்தை வைத்தேன். பின்னால் ஈரச் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

அந்தத் தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர். சிங்கள மனுஷர். கையில் கத்தி. "யார் மரம் புள்ள அது?" என்று கேட்டார். உரித்த துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். மாமா அங்கிருந்தே சிங்களத்தில் அக்காவுக்கு நேரமாகிவிட்டது, வயர் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிக் கும்பிட்டார். வாச்சர் நடந்து வந்து கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தார். என் கையில் இருந்த துண்டை வாங்கி இழுத்தார். அது பட்டென்று அறுந்தது.

"இது ரொம்பக் காஞ்சது. சரி வராது."

உள்ளே இரண்டு மூன்று மரம் தள்ளிப் போய், கத்தி நுனியால் நெம்பி, நீளமாக, அறுபடாமல் ஒன்றை உரித்துக்கொண்டு வந்தார். மாமா அதை இழுத்து இழுத்து வயரில் இறுக்கிச் சுற்ற, அந்த மனுஷர் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது பெயர் இல்லாமலே அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

கழற்றிய முனையை மாட்டிவிட்டு மாமா சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது.

"இன்னும் எரியுதேடா" என்றார் அப்பா. 

"இப்ப எரியணும் மச்சான். இஞ்சின் ஓடினாத்தான் அணையணும்."

இஞ்சினைப் போட்டார். விளக்கு அணைந்தது.  அந்த ஏற்றத்தில் மாமா ஒரு கண் பாதையிலும் ஒரு கண் விளக்கிலுமாக ஓட்டினார். கார் முழுக்க ஒட்டுப்பால் நாற்றம். அம்மா மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சொன்னதுதான் எனக்குச் சரியென்று பட்டது. அம்மாவுக்கு இவ்வளவு வலிக்கும்போது இந்த மாமா காரைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று அவர் பிடரியை முறைத்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் வைத்து அம்மாவைக் கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து, ஆம்பிளைப் பிள்ளை, அம்மாவும் பிழைத்துக்கொண்டாள், இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார். அந்தத் தம்பிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்பா என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மாமா காரை விட்டு இறங்கியிருக்கவே இல்லை. நிறுத்திய இடத்தில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டவுனில் காரைத் தனியாக விட்டால் சாமானைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்குத்தான் காவல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

"மாப்ள, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் அப்பா. மாமா தலையை ஆட்டினார். கையை எடுக்கவில்லை. அப்பா கதவைத் திறந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து பிரித்து விட்டார். மாமா கைக்குள் எதையோ மறைத்து வைத்திருக்கிறார், அப்பா அதை வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, எனக்கும் தெரிய வேண்டுமே என்று நான் நுனிக்காலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன்.