தாழ்ப்பாளைக் கழற்றிய கதை

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுப் பாத்ரூம் வாசலில் ஒரு கியூ. முன்னால் நான், தோளில் துவாயோடு. பின்னால் என் மனைவி, அழுக்கு உடுப்புக் கூடையோடு. உள்ளே எங்கள் மகள் ஆரணி. பதினேழு வயது. உயர்தர வகுப்பில் படிக்கிறாள்.

கியூ நமக்குப் புதிதா என்ன? பெற்றோலுக்கு நின்றோம், சமையல் காஸுக்கு நின்றோம், பாஸ்போர்ட்டுக்கு நின்றோம். ஆனால் அங்கெல்லாம் எப்போதாவது வரிசை நகரும்...

"பிள்ளை, அப்பா குளிக்கோணும்," என்றேன்.

தண்ணீர் விழும் சத்தம் இல்லை. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. வாளியைக் கவிழ்த்துவைத்து, அதில் குந்தியிருந்து இரசாயனவியல் படிக்கிறாள்!

"பாத்ரூமுக்க இருந்து ஆராவது படிப்பினமோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அறைத் திறாங்கைக் கழட்டினால் பிள்ளை வேற எங்க போய் இருக்கிறது?" கூடையை என் காலடியில் வைத்துவிட்டு அவள் குசினிக்குச் சமைக்கப் போய்விட்டாள்.

திறாங்கு என்று நாங்கள் சொல்வது தாழ்ப்பாளை. அதைக் கழற்றியது... சரி, முதலில் இருந்தே சொல்கிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு இரண்டு அறை, ஒரு பாத்ரூம், கடல் தெரியும் என்று சொல்லி விற்ற ஒரு ஜன்னல். கடல் தெரிந்ததுதான் — முன்னால் இன்னொரு ஃபிளாட் எழும்பும்வரை. இந்த வீட்டுக்குத்தான் ஓகஸ்ட் விடுமுறையில் என் அண்ணா ரொறன்ரோவில் இருந்து வந்தார். சொக்லேட் வந்தது, சேர்ட் வந்தது, புத்திமதியும் வந்தது. ஆரணி மட்டும் வரவில்லை. அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தேன். "பிறகு வாறன்." மறுபடியும் கூப்பிட்டேன். அதே பதில். மேசையில் சொக்லேட் உருக ஆரம்பித்துவிட்டது.

"உதென்ன பழக்கம், தம்பி?" என்றார் அண்ணா. "பிள்ளையளின்ர அறைக்கு என்னத்துக்குத் திறாங்கு? என்ர வீட்டில ஒரு அறைக்கும் இல்லை."

போய்க் கதவைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே. திறந்தாள்.

"அப்பா, இது என்ர அறை. கொஞ்ச நேரம் என்னை விடுங்கோ."

பதின்ம வயதுப் பிள்ளைகளை வளர்ப்பது பற்றி மட்டும் என் அலுமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. இப்படியான நேரத்தில் ஆழமாக மூச்செடுங்கள் என்கின்றன அவை. எடுத்தேன். எடுத்த மூச்சில் சொன்னேன்: "என்ர வீட்டுக்க உனக்கென்ன அறை?"

அண்ணா ஸ்குறூ டிரைவர் கேட்டார். எடுத்துக் கொடுத்தது நான். அவர் கழற்றும்போது கதவு ஆடியது. ஆரணி வந்து, ஆடாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கத்தியிருக்கலாமே! கத்தினால் பதிலுக்குக் கத்த எனக்குத் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு என்ன பதில்?

கழற்றி முடிந்ததும் புத்தகம், ஃபோன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அந்தத் தாழ்ப்பாளில் கைவைக்க ரொறன்ரோவுக்கும் துணிவு வரவில்லை.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. எல்லாம் தூது.

"அம்மா, இதில அப்பாவைச் சைன் வைக்கச் சொல்லுங்கோ." நானும் அதே மேசையில்தான் இருக்கிறேன்.

"வைக்கிறன் எண்டு சொல்லும்," என்றேன் மனைவியிடம்.

"நான் என்ன, வெளிநாட்டு அமைச்சோ?" என்றாள் அவள்.

ஆறு வயதில் இதே பாத்ரூமுக்குத் தனியே போக ஆரணிக்குப் பயம். கரப்பான் வந்துவிடுமாம். நான் கதவுக்கு வெளியே காவல் நிற்க வேண்டும். "அப்பா, நிக்கிறீங்களோ?" "ஓம், நிக்கிறன்." "அப்ப ஏதாவது கதையுங்கோ." கதவைப் பார்த்தபடி அன்றைய ஒஃபிஸ் சண்டையெல்லாம் அவளுக்குச் சொல்லுவேன். இப்போதும் அதே கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன். கதைக்கச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கியூவுக்குப் பிறகு, தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று தேடினால் வீட்டில் அதைக் காணவில்லை. ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்ட அண்ணாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அட, அது என்ர ஜீன்ஸ் பொக்கற்றுக்க கிடக்குது, தம்பி!" என்று சிரித்தார்.

"அண்ணா, உங்கட பெடியள் எப்பிடி?"

"ரெண்டு பேரும் வேற வீட்டில. பேர்த்டேக்கு மெசேஜ் போடுவாங்கள்." உடனே பேச்சை மாற்றினார். "அங்க மழையோ?"

மழை இல்லை. "ஓம்," என்றேன்.

காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் புதிதாக ஒன்று வாங்கி நானே பொருத்தினேன். கொஞ்சம் சரிவு. ரியூஷன் முடிந்து வந்த ஆரணி அதை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து கதவைச் சாத்துவதே இல்லை! அகலத் திறந்துவைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனோடு இருக்கிறாள். தாழ்ப்பாள் போட்ட காலத்தில், அப்பா உள்ளே வந்துவிடுவார் என்று ஒரு பயமாவது அவளுக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

தட்டிவிட்டு உள்ளே போங்கள் என்கின்றன புத்தகங்கள். திறந்த கதவை எப்படித் தட்டுவது? தட்டியும் பார்த்தேன். ஹெட்ஃபோனுக்குள் கேட்கவில்லை. அல்லது கேட்டது.

டீன் ஏஜ் பிள்ளைகளைச் சமாளிப்பது எப்படி என்று இந்தப் பத்தியின் வாசகர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. என்னிடம் கேட்கும் அளவுக்கு அவர்கள் நிலைமை மோசமா என்று கவலையாக இருக்கிறது. சொல்வதற்கு ஒன்றுதான் என்னிடம் உண்டு: ஒரு பாத்ரூம் உள்ள வீட்டில் எதையும் கழற்றாதீர்கள்.

நேற்றுப் பின்னேரம் நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் கவிழ்த்துவைத்த வாளி அப்படியே இருந்தது. குந்தினேன். அழுதேனா என்று கேட்காதீர்கள், முகம் கழுவினேன். வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"அம்மா, உள்ளுக்க ஆர்?"

"அப்பா," என்றது குசினி.

"எப்ப வருவாராம்?"

என்னிடம் கேட்கவில்லை. ஆனால் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்!

"ஆரணி... நிக்கிறியோ?" என்றேன்.

பதில் இல்லை. திரும்பிப் போகும் காலடிச் சத்தமும் இல்லை.

இரண்டு பாத்ரூம் ஃபிளாட் வாங்க வசதியில்லாமல் போனது ஒரு வகையில் நல்லதுதான்.