முதல் மடக்கு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. நான் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். இளையவளுக்கு நாலு கால், ஒரு வால் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பதினாலு வருஷம் இந்த ஒரே வேடிக்கையை நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிக் காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது சொல்ல வாய் வருவதில்லை.

அவர் குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறார். வசதியுள்ளவர்கள் ஆசைக்குக் குதிரை வாங்கிவிடுவார்கள். வீட்டில் கட்ட இடம் இருக்காது. அந்த மாதிரிக் குதிரைகளை மாதாமாதம் பணம் கட்டி விட்டுவைக்கிற இடம் அது. பதினாறு குதிரைகளில் ஆறு இவர் பொறுப்பு. விடிவதற்கு முன்னால் போய்ச் சாணம் அள்ளி, குளம்பைத் தூக்கிச் சுரண்டி, உடம்பைத் தேய்த்து, புல் போட்டு, தண்ணீர் வைத்து... பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. வேலை செய்யும்போது குதிரையிடம் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் புரியாது. அதனால் லாயத்தில் அவருக்கு முணுமுணு என்று பெயர். வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த முணுமுணுப்பும் இருக்காது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டும். பேசினேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த ஆறில் ஒன்றுதான் மகாராணி. பழுப்பு நிறம், நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை. பல் டாக்டரம்மா தன் மகளுக்காக வாங்கிய குதிரை. மகள் இரண்டு வருஷம் சவாரி செய்துவிட்டு மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள். டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து, கேரட் கொடுத்து, கழுத்தைத் தடவிவிட்டுப் போவார். நல்ல மனுஷி, குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் குதிரையை வளர்த்தது இவர்தான்.

மகாராணிக்கு ஒரு கிறுக்கு உண்டு. எட்டு வருஷம் முன்னால் யாரோ சொன்னார்கள் என்று வயிற்றுப் பூச்சிக்கான மருந்தைத் தண்ணீர் வாளியில் கலந்து வைத்துவிட்டார்கள். ஒரு வாய் குடித்தவள், தலையை உதறிக்கொண்டு மூலையில் போய் நின்றுவிட்டாள். அதற்கப்புறம் வாளியைக் கழுவி வைத்தாலும் சரி, புது வாளி வாங்கி வைத்தாலும் சரி, கிட்டவே வரவில்லை. ஒன்றரை நாள் ஆயிற்று. இவருக்குப் பொறுமை போய்விட்டது. "பாருடி, நான் குடிக்கிறேன், செத்தா போயிட்டேன்?" என்று கத்திவிட்டு, அதே வாளியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக் காட்டியிருக்கிறார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து வாளியைக் காலி செய்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த வாளியாக இருந்தாலும் முதல் மடக்கு இவர் குடிக்க வேண்டும். அப்புறம்தான் அவள் குடிப்பாள்.

நான் இதைக் கண்ணால் பார்த்தது ஒரு மத்தியானம், மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனபோது.

"ஐயோ, கருமம்! ஒரே வாளியில குடிக்கிற அளவுக்கு ஆயிடுச்சா உங்க ரெண்டு பேர் உறவு?"

மனுஷன் காது வரைக்கும் சிவந்து போனார். "வெளிய சொல்லிடாத. முணுமுணுங்கற பேரே போதும். இன்னொண்ணு வெச்சிடுவானுங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் விடுவேனா? அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம், "மகாராணிக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்பேன். அந்த எட்டு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. காய்ச்சல் கொதிக்கும் நாளிலும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு வந்து படுப்பார். என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர், சாப்பாட்டுப் பந்தியிலேயே எழுந்து ஓடினார். அன்றைக்கு நான் சக்களத்தியைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

போன மாதம் டாக்டரம்மா வீடு மாறினார். ஊருக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மணி நேரப் பயணம். புது வீட்டுக்குப் பக்கத்திலேயே புது லாயம் ஒன்று இருக்கிறதாம். கேமரா இருக்கிறதாம். போனிலேயே குதிரையைப் பார்த்துக்கொள்ளலாமாம்.

அவர் அதை என்னிடம் சாப்பிடும்போது சொன்னார். "அவள கூட்டிட்டுப் போறாங்களாம்."

"அப்பாடா! விட்டது சனியன்" என்றேன் நான். பழக்க தோஷம். அவர் பிசைந்த கையோடு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டேன், என்ன பிரயோஜனம்?

யாரிடமும் எதற்கும் வாய்விட்டுக் கேட்காதவர், டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறார், அந்த லாயத்தில் தனக்கும் ஒரு வேலை கிடைக்குமா என்று. டாக்டரம்மாவும் அங்கே பேசிப் பார்த்தார். ஆள் போதுமான அளவு இருக்கிறார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று லாயத்து மேலாளர் சொல்லிவிட்டார். அது ஒரு மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "தேவைப்பட்டா கூப்பிடுவாங்களாம்" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

புது லாயத்தில் குதிரையின் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டார்கள். இவருக்கு எழுத்து கோணலாக வரும். அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பின்னங்காலில் இடது காலைத்தான் முதலில் தூக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை சலசலத்தால் மிரளுவாள். வயிற்றுக்கடியில் தேய்த்தால் பிடிக்காது. மழைச் சத்தம் கேட்டால் கதவோரம் வந்து நிற்பாள், அடிக்கக் கூடாது. முப்பத்தொன்று எழுதினேன். பெற்ற பிள்ளையைப் பற்றி இத்தனை சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம்.

முப்பத்தொன்றோடு நிறுத்திவிட்டார். தண்ணீர் விஷயம் வரவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"அவ்வளவுதான். மடிச்சுக் குடு."

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். முதல் வேளையிலேயே திண்டாடிப் போவார்கள். இவரைக் கூப்பிடுவார்கள். பிறகு இவர் இல்லாமல் ஆகாது என்று தெரிந்துகொள்வார்கள். அவர் மனசில் இருந்தது இவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷன் செய்த ஒரே சூது. நானும் மடித்துக் கொடுத்துவிட்டேன். கேமரா வைத்தவர்கள் ஒரு நாள் முழிக்கட்டுமே, இவர் அருமை கொஞ்சம் தெரியட்டுமே என்று எனக்கும் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், உள்ளுக்குள் சிரித்துக்கூடக் கொண்டேன்.

புதன்கிழமை காலை வண்டி வந்தது. நானும் போயிருந்தேன். சாய்வுப் பலகையில் ஏறமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டு நின்றாள் மகாராணி. வண்டிக்காரர் பின்னாலிருந்து கயிற்றை வீசினார். இவர் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே, முணுமுணுத்துக்கொண்டே பின்னோக்கி அடி வைத்து ஏறினார். அவளும் தலையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறிவிட்டாள். கட்டிவிட்டு இவர் பக்கக் கதவு வழியாக இறங்கினார்.

"நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டார்.

"ஆள ஏத்தக் கூடாதுங்க. எனக்குத்தான் திட்டு விழும்" என்றார் வண்டிக்காரர்.

வண்டி கிளம்பியதும் உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். தெருமுனை திரும்பும்வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

அன்று முழுக்க இவர் போனைக் கையிலேயே வைத்திருந்தார். சார்ஜ் இருக்கிறதா என்று என்னிடம் காட்டிக் காட்டிக் கேட்டார். போன் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. சாயங்காலம் அவரே டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"எப்படிம்மா இருக்கா?"

"கேமரால பாத்துக்கிட்டேதான் இருக்கேன் அண்ணா. நல்லா நிக்கிறா. புல்லும் சாப்பிடுறா. புது இடம்ல, கொஞ்சம் சோர்வா இருக்கா. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொல்றாங்க."

"தண்ணி?"

"அங்க வாளியே கிடையாது அண்ணா. சுவத்துல சின்னத் தொட்டி. மூக்கால அழுத்தினா தானா தண்ணி வரும். எப்பவும் இருக்கும், கவலையே வேண்டாம்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் சொன்னார்: "வாளியக் கண்டாத்தானே அவளுக்குப் பயம். அது தொட்டி. குடிச்சிருப்பா. நான் இல்லாமலேயே குடிச்சுப் பழகியிருப்பா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் குடித்திருப்பாள் என்பது அவருக்குச் சந்தோஷமாக இல்லை. அந்த வருத்தத்தில்தான் அன்றைக்கும் முதல் மடக்கு விஷயத்தை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கும் அவர்மேல் இரக்கம் வந்ததே ஒழிய அந்த வாயில்லாத ஜீவன்மேல் வரவில்லை. படுபாவி நான், தூங்கியும் போனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா அழுதுகொண்டே கூப்பிட்டார். மகாராணிக்கு வயிற்று வலி, உடனே வாங்க. சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு இவர் கிளம்பினார். இரண்டு பஸ். இரண்டிலும் உட்காரவில்லை. இடம் இருந்தது, உட்காரவில்லை.

அந்த லாயம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. மகாராணி கொட்டடிக்கு நடுவில் வியர்த்து நின்றாள். முன்னங்காலால் தரையைப் பிறாண்டுவதும், திரும்பித் தன் விலாவையே பார்ப்பதுமாக இருந்தாள். இவரைக் கண்டதும் தொண்டைக்குள்ளேயே கனைத்தாள்.

கால்நடை டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தின்ன புல்லெல்லாம் உள்ள கட்டியா இறுகிப் போயிருக்கு. மூக்கு வழியா குழாய் விட்டு ஊத்தியிருக்கேன். இந்தக் குதிரை தண்ணியே குடிக்காதா?"

"தொட்டி நல்லாத்தானே வேலை செய்யுது சார்" என்றார் மேலாளர்.

இவர் கேட்டது ஒன்றுதான். "வாளி இருக்கா?"

கார் கழுவுகிற வாளி ஒன்று கிடைத்தது. தேய்த்துக் கழுவி, நிரப்பிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மண்டி போட்டு, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது. மகாராணி ஒரு அடி எடுத்து வைத்தாள். மூக்கை அவர் ஈரக் கையில் வைத்தாள். பிறகு வாளிக்குள் வாயை விட்டு ஒரே மூச்சில் காலி செய்தாள். இன்னொரு வாளி. அதிலும் முதலில் இவர், அப்புறம் அவள்.

டாக்டரம்மா கைதட்டிவிட்டார். மேலாளருக்கு ஒரே ஆச்சரியம். "அட, இவ்வளவுதானா விஷயம்! முதல்லயே சொல்லியிருந்தா நானே குடிச்சிருப்பேனேங்க!" கேலியாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார்.

"ஏன் அண்ணா, இத எழுதவே இல்லையே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மறந்துட்டேம்மா."

"பரவால்ல அண்ணா. அவ்வளவு எழுதியிருக்கீங்க, ஒண்ணு மறக்கறது சகஜந்தானே" என்று டாக்டரம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடித்திருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஒரு மணி நேரம் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. வெயில் தாழ்ந்தபோது வலி திரும்பி வந்தது. மகாராணி படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். கால்நடை டாக்டர் காது வைத்துக் கேட்டார், ஊசி விட்டு வயிற்றிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தார். குடல் கெட்டுப்போய்விட்டது என்றார். இருபத்திரண்டு வயசுக் குதிரை, அறுவை சிகிச்சை தாங்காது. வலியிலேயே விடுவது பாவம், ஊசி போட்டுப் போகவிடலாம் என்றார். டாக்டரம்மா முகத்தை மூடிக்கொண்டு சரி என்று தலையை அசைத்தார்.

கயிற்றை இவர்தான் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் பிடிக்கிறேன் என்று வந்ததற்கு விடவில்லை. நெற்றியோடு நெற்றி வைத்து முணுமுணுத்தார். நான் பக்கத்திலேயே நின்றதால் முதல் தடவையாக என் காதில் விழுந்தது. "நாளைக்கு முதல் பஸ்ஸுலயே வந்துடறேன். அஞ்சரைக்கு ஒண்ணு இருக்கு. நீ குடிக்காம இரு. நான் வந்ததும் குடிச்சுக்கலாம்." ஊசி போட்டு முடித்து அவள் சாய்ந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தார். ஈரச் சட்டை இன்னும் காயவில்லை. எனக்குப் பேச வேண்டும் போலிருந்தது. உங்கள் மேல் தப்பில்லை, அந்தத் தொட்டியை எவன் கண்டுபிடித்தானோ அவன்தான் நாசமாய்ப் போக, வாளியாக இருந்தால் தண்ணீர் குறையவில்லை என்று ஒரு கண் பார்த்திருக்கும், கேமராவில் எது தெரியும்? இப்படி ஆயிரம் வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் புத்தி கெட்டுத்தான் போனேன். எனக்கு அவள விட மனசில்ல." கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி என் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமே. நீயாவது எழுதியிருக்கக் கூடாதா?"

ஒன்றுக்கு நாலாகப் பதில் சொல்கிறவள் நான். எங்கள் நிறுத்தம் வரும்வரைக்கும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.