சீவிய உருத்தோடு ஒரு வீடு

வீடு பார்க்கப் போனால் நான் முதலில் கிணற்றடிக்குத்தான் போவேன். தண்ணீர் உப்பென்றால் பிறகு அது மாளிகை என்றாலும் எனக்கு வேண்டாம். ஆட்டோ நுழையாத ஒழுங்கையும் வேண்டாம், மாரிக்கு வெள்ளம் நிற்கிற வளவும் வேண்டாம். நிலாவெளியில் பார்த்த வீட்டில் பக்கத்து ஹோட்டல் பாட்டு காதைப் பிளந்தது, வாசலோடு திரும்பிவிட்டேன். "உமக்குக் கடவுள் வந்து கட்டித் தந்தாலும் பிடியாது" என்று என் கணவர் புறுபுறுத்தார்.

இவருக்கென்ன, சொல்லலாம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நகராது. இருந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடுதான் இருக்கிறோம். இளையவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்துவிட்டது. வீடுதான் அமையவில்லை.

உவர்மலைச் சரிவில் பார்த்த வீட்டில் என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி. குசினி அடுப்படியில் நின்றால் துறைமுகத்துக் கப்பல் தெரிகிறது. விலையும் நாங்கள் நினைத்ததை விடக் குறைவு. இளையவள் சந்தோசத்தில் என் கையைக் கிள்ளினாள்.

"இவ்வளவு மலிவா ஏன் குடுக்கிறீங்கள்?" என்று வீட்டுக்காரியைக் கேட்டேன். என் வயதுதான் இருக்கும். கனடாவுக்குப் போகிற அவசரம் அவளுக்கு.

"பின்னறையில அப்பா இருக்கிறார். எனக்கு வீட்டை எழுதேக்க சீவிய உருத்து வச்சு எழுதிப்போட்டார். சாகுமட்டும் அவரை ஒருத்தரும் வீட்டை விட்டு எழுப்பேலாது. அதைக் கழிச்சுத்தான் விலை சொன்னனான்."

"அப்ப நீங்கள் போனா அவரை ஆர் பாக்கிறது?"

"நீங்கள் இருப்பீங்கள்தானே. கனநாள் இல்லையெண்டு டொக்டரும் சொல்லிட்டார்."

ஐயோ! பெற்ற தகப்பனைக் கதிரை அலுமாரியோடு சேர்த்து விட்டுவிட்டுப் போகிறாள்! நாலு வார்த்தை கேட்க வாயெடுக்க முதல் பின்னறைக் கதவு திறந்தது. தோய்த்த சாரமும் சேட்டுமாக நின்ற பெரியவர் இளையவளைப் பார்த்துச் சிரித்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"உமக்கோ பிள்ளை வீடு? யோசிக்காதையும். கலியாணத்துக்கு முதல் நான் போய்ச் சேர்ந்திடுவன்."

"எனக்கு இந்த வீடு வேண்டாம் அம்மா" என்று அழுதுகொண்டே இளையவள் வெளியே ஓடினாள்.

ஆட்டோவில் அந்த மகளைத் திட்டித் தீர்த்தேன். "இவளெல்லாம் ஒரு பிள்ளையோ! நல்லகாலம், மனுசன் விபரமா உருத்து வச்சிருக்கிறார். இல்லாட்டி இண்டைக்கு றோட்டிலதான்."

இவர் கடலைப் பார்த்தபடியே வந்தார். எங்கள் ஒழுங்கை முகப்பில் என் பக்கம் திரும்பினார்.

"நாங்கள் மூத்தவளுக்கு எழுதேக்க உருத்து வச்சனாங்களோ?"

உறுதி எழுதின நொத்தாரிசு அன்றைக்கே கேட்டவர். பெற்ற பிள்ளையிடம் அதெல்லாம் என்னத்துக்கு என்று சிரித்தவள் நான்தான்.

படலையைத் திறந்த மூத்தவள் ஆசையோடு கேட்டாள்.

"வீடு சரிவந்ததோ அம்மா? தங்கச்சியோட நீங்களும் அங்க போயிடுவீங்கள்தானே?"

என் கால் படலைக்குள் நகரவில்லை.