டாலர் கவுன்ட்டரில் நான் வைத்த டப்பா

திருப்பதியில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் கடையில் எனக்கு வேலை. சித்தூரில் இருக்கும் என் அக்காவுக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் மூன்று தடவை மிஷன் ஆஸ்பத்திரியில் இலவச டயாலிசிஸ். வெளிநாட்டு உதவிப் பணம் நின்றுவிட்டது, இனி காசு கட்ட வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு, சர்ச்சுக்கு வந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் சொன்னார்: உலகத்தில் யார் கரன்சி மாற்றினாலும் அதில் துளி வரி போட்டு ஏழை நாடுகளுக்கு உதவலாம் என்று ஒரு யோசனை இருக்கிறதாம். அரசாங்கங்கள்தான் அசையவில்லையாம். எங்கள் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி காணிக்கைக்கு எடுத்து வைப்போம். அதே கணக்குதானே! அரசாங்கம் எதற்கு, நானே போடுகிறேன் வரி என்று கிளம்பிவிட்டேன்.

முதலாளியைக் கேட்டு கவுன்ட்டரில் டப்பா வைத்தேன். 'டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு ரூபாய்' என்று தெலுங்கில் சீட்டு ஒட்டினேன். கட்டுக்கட்டாக டாலர் மாற்றியவர், "ஏம்மா, டாக்ஸ் மேல டாக்ஸா?" என்று எரிந்து விழுந்தார். மகராசன், ஒரு ரூபாய்க்கு!

திடீரென்று டப்பா நிரம்பத் தொடங்கியது. ஐந்நூறு ரூபாய்த் தாள்கூட விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்பக்கமாகத் துட்டை எடுத்து வீட்டில் சேர்த்து வைத்தேன். ஒரு அம்மாள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "கோவிந்தா!" என்று போட்டபோதுதான் எழுந்துபோய் டப்பாவின் முன்பக்கம் பார்த்தேன். நான் வருமுன்பே காலையில் கடை கடையாக வந்து பூஜை போடுகிறவர், கல்லாவோடு சேர்த்து என் டப்பாவுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முகப்பில் பூச்சரம் சாத்தியிருந்தார். சீட்டு பூவுக்கு அடியில் கிடந்தது.

"அது சாமி டப்பும்மா, சாமி காசு. கொண்டமேல, திருமலை உண்டியல்லதான் போடணும்" என்றார் முதலாளி. திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

துட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "நீ கட்டிடு, யார் கேக்கப்போறாங்க?" என்றேன்.

"சாமிக்குன்னு கும்புட்டுப் போட்டதுடி. அதுல ஊசி குத்திக்கினா என் ஒடம்புல ஒட்டுமா? எடுத்துக்கினு போ."

மறுநாள் உண்டியலில் போடச் சொல்லித் துட்டை முதலாளியிடம் கொடுத்தேன். டப்பாவைக் கழுவி, சீட்டைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். நாலைந்து சில்லறை கிடக்கிறது. அக்கா இப்போது வாரத்துக்கு ஒரு தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பாதம் வீங்கி, செருப்பு நுழைவதில்லை.