குறுக்கே கிடந்த வேப்பங்கொப்பு

மதுரையில் நான் சேர விரும்பிய பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணை விடுதியில் சேர்க்க வருகிறவர், படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஊரை நடந்தே ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். விடுதித் தலைவியே நான்கைந்து பேராகச் சேர்த்து அழைத்துப் போவார். முன்பெல்லாம் சேர்த்துவிட்டுப் போன தகப்பன்மார், மதுரையைப் பற்றி யாரோ எதையோ சொல்லக் கேட்டு, பாதிப் படிப்பில் வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். "பார்த்துட்டுப் பயப்படுங்க, பார்க்காமப் பயப்படாதீங்க" என்று அந்த அம்மா எங்களிடமும் சொன்னார்.

எனக்கு அப்பா இல்லை. அண்ணன் வந்திருந்தான். மலைத் தோட்டங்களுக்கு அரிசியை ஏற்றிப்போய், அங்கிருந்து ஏலக்காய் மூட்டைகளைப் போடிக்கு இறக்கிவரும் கோவேறு கழுதைகளை ஓட்டுவது அவன் வேலை. யுத்தத்தின்போது நின்றுபோன போடி ரயில் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் ஊரான சிலமலையிலிருந்து இருட்டோடு போடிக்கு நடந்து வந்து முதல் ரயிலைப் பிடித்தோம். பக்கத்து ஊரான ராசிங்காபுரத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு ஆள் வந்து போயிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. நான் மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். அந்தப் பெருமை என் நடையிலேயே தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். தெரியட்டும் என்றுதான் நானும் நடந்தேன்.

ரயிலில் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "ஊரப் பாக்கேன். எம் மனசுக்குச் சரியின்னு பட்டாத்தான் பெருவிரல வைப்பேன். இல்லேன்னா திரும்புகால் ரயிலு. அழுகக் கூடாது, ஆமா."

"அழுகல" என்றேன்.

அன்று எங்கள் கூட்டத்தில் மூன்று பெண்கள். மற்ற இருவரில் ஒருத்தி கம்பத்துக்காரி. அவளுடைய அத்தா, அதாவது தகப்பனார், அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தவர், சிரித்த முகம். இன்னொருத்தி திருமங்கலத்துப் பெண், மாமாவோடு வந்திருந்தாள். விடுதி அம்மா குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால். எல்லோருக்கும் கடைசியில் அண்ணன். அவன் கக்கத்தில் ஒரு கட்டு வேப்பங்கொப்பு. விடுதி மரத்தில் எப்போது ஒடித்தான் என்று எனக்குத் தெரியாது.

"என்ன மாப்ளே, ஊருக்கே பல்லு வெளக்கி விடப் போறீகளா?" என்று கேட்டார் கம்பத்து அத்தா.

"இருக்கட்டும் மாமா, சோலி இருக்கு" என்றான் அண்ணன்.

முதலில் மகாலுக்குப் போனோம். அப்போது அதற்குள்தான் கோர்ட்டு நடந்தது. கறுப்புக் கோட்டு வக்கீல்கள் தூண்களுக்கு நடுவே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். விடுதி அம்மா ராஜாவையும் அரண்மனையையும் பற்றிச் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லையும் மனத்தில் வாங்கிக்கொண்டேன். அண்ணன் ஒரு தூணைக் கட்டிப் பிடித்தான். அவன் கைகள் பாதியைக்கூட எட்டவில்லை.

"ஏத்தா, இத எத்தன லோடா ஏத்துனாக?"

"சும்மா இருண்ணே. செங்கலும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுனது."

"செங்கலு தானா நடந்து வந்துச்சாக்கும்" என்றான். விடுதி அம்மாவே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருமங்கலத்து மாமா அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் செருப்பில்லாமல் வந்திருந்தான்.

மகாலிலிருந்து கோயிலை நோக்கி நடந்தபோதுதான் அவன் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்தேன். தெரு பிரிகிற ஒவ்வொரு இடத்திலும், நாங்கள் நுழையாத தெருவின் வாயில் ஒரு கொப்பைக் குறுக்கே போட்டுவிட்டு வந்தான். மலைப்பாதையில் செய்கிற வேலை அது. பாதை பிரிகிற இடத்தில், போகக் கூடாத பக்கம் பச்சைக் கொப்பு கிடந்தால் பின்னால் வருகிறவர்கள் வழி தப்ப மாட்டார்கள். மதுரையில் எங்களுக்குப் பின்னால் வர யாருமில்லை. போடியில் எங்கே நின்றாலும் மலையைப் பார்த்துத் திசை சொல்லிவிடலாம். இங்கே மலை இல்லை. அதனால், நான் வழி தப்பாமல் திரும்ப, அவன் எனக்காகப் போட்டுக்கொண்டு வந்தான்.

நான்காவதோ ஐந்தாவதோ தெருமுனையில் ஒரு பாத்திரக்கடை இருந்தது. கொப்பு அதன் படிக்கு நேராக விழுந்துவிட்டது. கடைக்காரர் பாய்ந்து வந்து அண்ணனின் துண்டைப் பிடித்தார்.

"யார்ரா நீ? என்னத்த மந்திரிச்சுப் போட்ட? எவன் ஏவி விட்டான் ஒன்னய?"

"மந்திரமெல்லாம் இல்ல சாமி" என்றான் அண்ணன். சுற்றிலும் ஆள் கூடியது. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ஒருவன், "எலுமிச்சம்பழம் இருக்கா பாருங்க" என்று அவன் மடியைத் தடவினான்.

முன்னால் போன விடுதி அம்மா திரும்பி வந்தார். கூட்டத்தில் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "என்ன அங்கே? நம்ம கூட வந்தவரா அவர்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது என்னைப் பார்த்து. திருமங்கலத்து மாமாவும் பெண்ணும் என்னைப் பார்த்தார்கள். நான் எதிர்க்கடைப் பலகையில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தான். கடைக்காரர் துண்டை இழுத்ததில் அது கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் என் வாய் திறந்தது.

"எங்கண்ணன்மா. அவன விடுங்க!" என்று கத்திக்கொண்டு உள்ளே புகுந்தேன். மலையில் கொப்பு போடும் வழக்கத்தைச் சொன்னேன். "போகக் கூடாத பாதையில போடுவோம். அம்புட்டுத்தான்."

கடைக்காரருக்கு இன்னும் கோபம் ஏறியது. "அப்ப என் கடைக்குப் போகக் கூடாதுன்னு போட்டிருக்கான்! வர்ற யாவாரத்தத் திருப்பி விட்டிருக்கான்ல!"

கம்பத்து அத்தா குனிந்து கொப்பை எடுத்தார். "இந்தாங்க அண்ணாச்சி, எடுத்தாச்சு. பாத தொறந்துருச்சு. இனிமே கூட்டம் தாங்காது, பாத்துக்கங்க." கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்.

அண்ணன் சிரிக்கவில்லை. மீதிக் கொப்பைச் சாக்கடையோரம் போட்டான். "எம்புட்டு நேரம் யோசிச்ச?" என்று மெல்லக் கேட்டான்.

நான் தலை குனிந்தேன்.

"சொல்லு. வெக்கமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமாண்ணே" என்றேன்.

"சரி, நட. அஞ்சு மணி ரயிலப் பிடிப்போம்."

பெட்டி விடுதியில் இருந்தது, அங்கே போய்த்தான் ஆக வேண்டும். மற்றவர்கள் கோயிலுக்குப் போகட்டும், நாங்கள் திரும்புகிறோம் என்று விடுதி அம்மாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, படிவம் மேசையில் இருப்பதாகவும் தாமும் சீக்கிரம் வந்துவிடுவதாகவும் சொன்னார்.

நான் முன்னால் நடந்தேன், அவன் பின்னால். கொப்புகளைத் தேடாமல், தெருப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். எல்லாம் தெரிந்த பெயர்கள்தான். ஆனால் மூலை திரும்பினால் அதே பெயர் கீழ, தெற்கு என்று திசை மாறி வந்தது. கொஞ்ச நேரத்தில் பூக்கடைகளுக்கு நடுவே நின்றோம். வரும்போது இந்தப் பூக்கடைகளைப் பார்க்கவே இல்லை. சரிவில் கழுதை நின்றுவிட்டால் காத்து நிற்பதுபோல் அண்ணன் நின்றான்.

பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மற்றவர்கள்தான் என்னிடம் கேட்பார்கள். பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனேன்.

"ஏக்கா, நாங்க போடிப் பக்கம். இவுக எங்கண்ணே, மலைக்குக் கழுத ஓட்டுறவுக. நான் இங்க படிக்க வந்திருக்கேன். டீச்சர் பள்ளிக்கூட விடுதிக்குப் போகணும், வழி தப்பிட்டோம்க்கா."

ஏன் அத்தனையையும் சொன்னேன் என்று தெரியவில்லை. சத்தமாகவே சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கழுதைக்குத் தெரியாத வழியா?" என்று அவள் சிரித்தாள். "நேராப் போயி, மணிக்கூண்டு தெரியும்ல, அங்கன சோத்தாங்கைப் பக்கம் திரும்பு தாயி." என் கையில் ஒரு கண்ணி மல்லிகையையும் திணித்தாள்.

விடுதிக்கு வந்து சேர்ந்தோம். பெட்டியை எடுத்து வந்து அவன் முன் வைத்தேன். அவன் அதைத் தூக்கவில்லை. விடுதி அம்மா வரும்வரை படியில் உட்கார்ந்து, கிழிந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான்.

அவர் வந்ததும் கேட்டார். "தம்பி, ஊர் எப்படி?"

"ஊரு பெருசும்மா. எங்கிட்டு ஏறுறோம், எங்கிட்டு எறங்குறோமுன்னே தெரியல." எழுந்து மேசையருகே போனான். "ஆனா தங்கச்சி வழி கேக்கத் தெரிஞ்சுக்கிருச்சு. எங்கன வைக்கணும், காட்டுங்க."

மைப்பெட்டியில் இடது பெருவிரலை அழுத்திப் படிவத்தில் வைத்தான். கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் விழுந்தது. கயிறு இழுத்து இழுத்து விரல் வழவழவென்று ஆகியிருந்தது. மறுபடி வைத்தான். ஓரத்தில் இரண்டு கோடு தெரிந்தது.

"போதும்" என்றார் விடுதி அம்மா. பேனாவை என்னிடம் நீட்டினார். "இது யாருடைய ரேகைன்னு கீழே நீ எழுதணும்."

அவன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதினேன். அவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெரசா எழுதுத்தா, ரயிலு போயிரும். நான் மட்டுந்தான் போறேன், இருந்தாலும் ரயிலு நிக்காதுல்ல."