நீல டிரம்மின் எட்டு லக்குகள்

எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. காரைக்காலில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணியும் திருகும் எடுத்துக் கொடுக்கிறவன். மேடையில் டிரம்ஸ் வாசித்தபோதும் எல்லோருக்கும் பின்னால்தான் என் இடம். பாடுகிறவர் கொஞ்சம் நகர்ந்தால்தான் என் முகம் தெரியும். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இசைக்குழு கலைந்தபோது டிரம்ஸ் செட்டையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். மொத்தம் ஐந்து டிரம், எல்லாம் ஒரே சிவப்பு. விளக்கு பட்டால் உள்ளே ஜிகினா கரைத்து ஊற்றியதுபோல மின்னும். ஸ்னேர் என்கிற சின்ன டிரம் மட்டும் எனக்கு வந்தது. அப்புறம் வேறு குழுக்களுக்கு வாசிக்கப் போனபோது கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டேன். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் மேடையேறி வந்து, "என்னங்க இது, சர்க்கஸ் கூடாரமாட்டம்? வீடியோல விழும்ல?" என்று சொல்லி, ஒரு ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் தொங்கவிட்டார். கச்சேரி முடியும்வரை ஜமுக்காளத்துக்குப் பின்னாலிருந்தே வாசித்தேன். சிவப்பு செட்டைத் திரும்ப ஒன்று சேர்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நாலு வருஷம் ஆனது. பேஸ் டிரம் எங்கள் பழைய பாடகர் வீட்டுப் பரணில் அண்டா குண்டாவோடு கிடந்தது. சின்ன டாம் இரண்டும் நெரவியில் ஒரு டியூஷன் வீட்டில் ஸ்டூலாக இருந்தன. கடைசியாக ஃப்ளோர் டாம், அதாவது மூன்று காலில் தரையில் நிற்கும் பெரிய டிரம், காரைக்கால்மேட்டில் ஒரு வலைக் கொட்டகையில் அகப்பட்டது. அதற்குள் வலைக்குக் கட்டும் மிதவைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். மரம் கெடவில்லை, சிவப்பும் மங்கவில்லை. உலோகத்தை மட்டும் உப்புக்காற்று தின்றிருந்தது.

டிரம்மின் பக்கவாட்டில் திருகு இறங்குவதற்காக வைத்திருக்கும் உலோகத் துண்டுக்கு லக் என்று பேர். அது இல்லாவிட்டால் தோலை இழுத்துக் கட்ட முடியாது. எட்டு லக்குகளும் கையால் தொட்டதும் பொரிந்து உதிர்ந்தன. கடைகளில் கிடைக்கிறவை பொருந்தவில்லை. துளைகளின் இடைவெளி வேறு. புதிதாகத் துளை போட்டால் பழைய மரம் பிளந்துவிடும். அதே கம்பெனி, அதே காலத்து லக்குகள் எட்டும் எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தன. என் வீட்டில், நன்றாக வாசிக்கிற நிலையில் இருந்த நீல ஃப்ளோர் டாமில்.

அந்த நீல டிரம் கருக்களாச்சேரி அண்ணனுடையது. அவர் கடலுக்குப் போகிறவர், எங்களுக்குப் போட்டிக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். வலை இழுத்து இழுத்து வலது தோள் தூக்க முடியாமல் போனதும், ஒரு நாள் டிரம்மை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார். "சும்மா கெடந்தா வீணாப் போயிடும். வாசிச்சுட்டு இரு" என்றார். தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வாசி என்று கொடுத்த டிரம்மைப் பிரித்துப் போடலாமா? பிரித்தால் ஐந்தும் ஒரே செட்டாக நிற்கும். ஆனால் ஒரு நல்ல டிரம் வெறும் கட்டையாகிவிடும். என் மனைவி, "குடுத்தவரையே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள்.

கேட்கப் போனேன். அண்ணன் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, மீனு வாங்கவா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அரைக் கிலோ சங்கராவோடு திரும்பினேன். அடுத்த வாரம் மத்தி. அதற்கடுத்த வாரம் கானாங்கெளுத்தி. நான் பையோடு நுழைந்ததைப் பார்த்து மனைவி சிரித்தாள். "இன்னைக்கும் மீன்தானா? இப்படியே போனா நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள கடல்ல மீனே இருக்காது."

நாலாவது வாரம் சனிக்கிழமை காலையில், அவளே நீல டிரம்மைத் தூக்கி வண்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். "மீன் வாங்கிட்டு வந்தீங்கன்னா நான் ஆக்க மாட்டேன்" என்றாள்.

டிரம்மைக் கண்டதும் அண்ணன் எழுந்துவிட்டார். இனி மீன் என்று சொல்ல வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜமுக்காளத்தையும் சொன்னேன். அவர் டிரம்மைச் சுற்றி வந்து தோலை விரலால் சுண்டினார்.

"இது நான் போட்ட தோலுல்ல? இன்னுமா கிழியல?"

"இல்லண்ணே."

"உன் கையில எங்க கிழியும்? நீ தாளமா போடுற, தடவிக்குடுக்குற." வேடிக்கை பார்க்க வந்து நின்ற பக்கத்து வீட்டு அக்காகூடச் சிரித்துவிட்டது. "டிரம் சாவி வெச்சிருக்கியா? கழட்டு" என்றார் அண்ணன்.

எங்கள் பக்கத்து டிரம்ஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் தோல் கிழிந்தால், மாற்றும்போது உள்ளே மரத்தில் அந்த ஊர்ப் பேரைப் பென்சிலால் எழுதுவோம். கிழியக் கிழிய வாசித்தோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தோல் கிழியாததால் இந்த டிரம்மின் உள்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. தோலை எடுத்ததும் பார்த்தேன், சுற்றிலும் ஊர்ப் பேர்கள். எண்ணினால் இருபதுக்கு மேல் இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் நீளமாக இருந்தது.

'நெரவி. ரெண்டாவது பாட்டுலயே போச்சு. செவப்பு செட்டு தம்பி அவன் தோலக் கழட்டிக் குடுத்தான்.'

நான் மறந்தே போயிருந்தேன். ஒரே திருவிழாவில் இரண்டு குழுவும் மாறி மாறி வாசித்த நாள் அது. மேடைக்குப் பின்னால் அவர் கிழிந்த தோலோடு நின்றதைப் பார்த்து, என் ஃப்ளோர் டாமின் தோலைக் கழற்றி நீட்டினேன். எங்கள் குழுத் தலைவர் அதற்காக என்னைத் திட்டியதும், மீதி நாலு டிரம்மை வைத்துக்கொண்டு நான் சமாளித்ததும் மெல்ல ஞாபகம் வந்தன. ஊருக்குள் என்னைப் பற்றி எழுதிய ஒரே வரி இத்தனை வருஷமாக என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

"வேணாண்ணே. இதப் பிரிக்க வேணாம்" என்றேன்.

"படிச்சதும் மனசு மாறிடுச்சாக்கும்? எழுத்து மரத்துலதான்யா இருக்கு, இரும்புலயா இருக்கு? கட்டைய எங்கிட்ட குடுத்துட்டு இரும்ப எடுத்துட்டுப் போ."

அவரே குனிந்து, இடது கையால் முதல் லக்கைக் கழற்றினார். மீதி ஏழையும் நான் கழற்றினேன். ஒன்றிலும் மரை போகவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை நான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தது வீண்போகவில்லை. அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கய்யா" என்றார். மேடையில் எத்தனையோ கைதட்டல் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் பாடினவருக்கு. இது எனக்கு.

கிளம்பும்போது அண்ணன் வீட்டு மதினி ஒரு மீன் பையை வண்டியில் மாட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிவப்பு டிரம்மின் உள்ளே பென்சிலால், 'கருக்களாச்சேரி. லக் எட்டு. அண்ணன் குடுத்தது' என்று எழுதினேன். தோல் கிழியாமல் ஊர்ப் பேர் எழுதியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு லக்குகள் சரியாக உட்கார்ந்தன. எட்டாவதுக்கு வாஷர் இல்லை. திங்கட்கிழமை கடையிலிருந்து எடுத்து வரலாம் என்று வைத்துவிட்டேன். மத்தியானம் வாளைமீன் குழம்பு.