சல்லிக்குமேல் விரித்த பேனர்

கிள்ளானுக்கு வெளியே நாங்கள் வாங்கிய வீட்டில், செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க, பின்புறம் பள்ளம் வெட்டி, துளைபோட்ட குழாய் பதித்து, சல்லி கொட்டினார்கள். மண் போட்டு மூடுவதற்கு முன் சல்லிக்குமேல் எதை விரிப்பது என்பதில்தான் சண்டை. மண்ணைத் தடுத்துவிட்டு, காற்றையும் ஈரத்தையும் விடுகிற வெள்ளைத் துணி ஒன்று இருக்கிறது. காற்றுப் போகாவிட்டால் அடிமண் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது. நான்தான் கடை கடையாக ஏறி அதை வாங்கி வந்தேன்.

"துணியா? பிஞ்சு போயிடும்லா அக்கா. பிளாஸ்டிக்தான் கெட்டி," என்றார் காண்ட்ராக்டர்.

"அவருக்குத் தெரியாதா? நீ சும்மா இரு," என்றார் என் கணவர்.

கழிவறையைக் கழுவுவது நான். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று பேச மட்டும் எனக்கு வாய் கூடாதாம்!

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து திரும்புவதற்குள் பள்ளத்தை மூடிவிட்டார்கள். என் துணி பிரிக்கப்படாமல் வாசலில் கிடந்தது. கோழிக் கூண்டோ, பழைய காரோ, எங்கள் ஆட்களுக்கு எதை மூடவும் பண்டிகை முடிந்து கழற்றிய பிளாஸ்டிக் பேனர் போதும். இதற்கும் அதைத்தான் விரித்திருந்தார்கள்.

மழைக்காலம் வந்ததும் பின்புறம் சேறாகி நாறியது. கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. மறுபடி தோண்டினார்கள். கறுத்த சகதிக்கு நடுவே எங்கள் தொகுதி எம்.பி. கைகூப்பிச் சிரித்தபடி தீபாவளி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் காண்ட்ராக்டரிடம் சொன்னார்: "பாத்தீங்களா, ஒரு கிழிசல் இல்ல! கழுவி வைங்கண்ணே, வேற எதுக்காச்சும் ஆகும்."